ஐந்தாவது நிறுத்தம்

காலை நாலு ஐம்பது. பேருந்தின் விளக்குகள்
எல்லாம் எரிந்தபின்னும்
என் விரல்கள் மட்டும் தூக்கத்தில்.
ஸ்டியரிங்கைப் பிடிக்கவில்லை நான்,
உள்ளங்கைகளை அதன்மேல் சாய்த்துவைத்திருக்கிறேன்,
அடுத்த வீட்டுக் குழந்தையை
வாங்கிக்கொண்டவள் போல.

முதல் நிறுத்தத்தில் துப்புரவு வேலைக்குப் போகும் இருவர்.
இரண்டாவதில் யாருமில்லை.
மூன்றாவதில் கட்டைவிரல் விழிக்கும்.
ஐந்தாவதில், மார்சிலிங் புளோக்குகள் தாண்டி,
ஒரு முட்டி மடங்கும், பிறகு இன்னொன்று.
ஏழு வாரமாய் இப்படி.
யாரிடமும் சொல்லவில்லை.
இரத்தம் சொல்லட்டும் என்று விட்டேன்.

பலதுறை மருந்தகத்தில் நான்கு குழாய்கள்:
ஊதா, மஞ்சள், இன்னொரு மஞ்சள், கறுப்பு.
‘கையை இறுக்கி மூடுங்க’ என்றாள் ஊசிக்காரப் பெண்.
‘மூடியதுதான் இது’ என்றேன்.

எட்டாம் நாள், உட்லண்ட்ஸ் முனையத்தின் ஓய்வறையில்
கோப்பி ஓ ஆறும் நேரத்தில்
கைப்பேசிக்கு வந்தது.

இ.எஸ்.ஆர். நாற்பத்தாறு. சிவப்பு அம்பு, மேல்நோக்கி.
சி.ஆர்.பி. பதினெட்டு. அதற்கும் அம்பு.
ஏ.என்.ஏ. ஒன்றுக்கு நூற்றறுபது, புள்ளிபுள்ளியாக
(என்ன புள்ளி? கோலமா, கனிந்த வாழைத்தோலா?)
ருமட்டாய்டு ஃபேக்டர் நெகட்டிவ், அடக்கமான கறுப்பில்.
ஆன்டி சி.சி.பி.: முடிவு வரவில்லை.

எண்ணால் பிழைப்பவள் நான்.
எண்ணைச் சொன்னால் எந்தத் தெருவில் திரும்பும்,
எங்கே கூட்டம் ஏறும், சொல்லிவிடுவேன்.
இந்த எண்களின் நெற்றியில்
ஊர்ப்பெயர் ஒன்றும் ஓடவில்லை.

இளம்பரிதிக்கு அனுப்பினேன்.
‘நெகட்டிவ்னா நல்லதுதானே!
மீன்தலைக் கறி வாங்கிட்டு வரவா?’

ஜொகூரிலிருந்து பாலம் கடந்து வருகிற ஹஸ்லினா
திரையை எட்டிப் பார்த்தாள்.
‘எங்க அக்காவுக்கும் இதே நாற்பத்தாறு.
கடைசியில பல்லுல சீழ்.’
அன்று முழுக்க நாக்கால்
என் பற்களை எண்ணிக்கொண்டே ஓட்டினேன்.
சீழாய் இருக்கக்கூடாதா என்றுகூட
ஒரு சிவப்பு விளக்கில் நினைத்தேன்.

டாக்டர் எங் தாளைக் கவிழ்த்துவைத்தார்.
என் கையைக் குறுக்கே சேர்த்து அழுத்தினார்.
நான் கத்தவில்லை. நாற்காலிதான் கத்தியது.

அம்பு, எங்கோ தீ என்று சொல்லும்,
வீட்டு எண் சொல்லாது என்றார்.
புள்ளி, நோயே இல்லாதவர்களிடமும் இருக்கும்.
நெகட்டிவ் வந்தும் மூட்டு வீங்கியவர்கள்
இந்த நாற்காலியில் நிறையப் பேர்.

வேலி பயிரை மேய்கிறதா என்று
வேலியிடமே கேட்டால் எப்படி?
வயலுக்குள் இறங்கித்தான் பார்க்கணும்.
இதை ஆங்கிலத்தில் சொல்ல எனக்கு வரவில்லை.

‘காலையில் கை திறக்க எவ்வளவு நேரம்?’
‘ஐந்து நிறுத்தம்.’
அவர் சிரிக்கவில்லை. ‘நிமிடத்தில்?’

கூட்டினேன்:
எழுந்தது, பல் துலக்கியது,
சட்டைப் பொத்தானை இளம்பரிதி போட்டது,
கம்பெனி வேன், வண்டிச் சோதனை,
சிக்னல் மூன்று.
தொண்ணூறு.
எழுதிக்கொண்டார். அந்தக் கோப்பில்
என் வாயிலிருந்து போன ஒரே எண்.
அதற்கு அம்பும் இல்லை, அடைப்புக்குறியில் அளவும் இல்லை.
ஆனால் அதை எழுதும்போதுதான்
பேனாவைக் கொஞ்சம் அழுத்தினார்.

‘ஓட்டலாமா?’ என்றேன்.
இரண்டு வாரம் எம்.சி. எழுதினார்.

இன்று என் முதல் ஓட்டத்தை ஹஸ்லினா எடுத்திருக்கிறாள்.
படுக்கையில் கண்மூடி நிறுத்தங்களை எண்ணுகிறேன்.
துப்புரவுக்காரர் இருவரும் ஏறியிருப்பார்கள்.
புது முகம் பார்த்துத் தலையசைத்திருப்பார்கள்.

கைப்பேசியில் ஒரு பச்சைப் பொட்டு.
கடைசி முடிவு. இரவே வந்திருக்கிறது.
திறக்க விரல் கேட்கிறது.
வைக்கிறேன். விரல் தட்டையாகப் படியவில்லை.
அடையாளம் தெரியவில்லை, மீண்டும் முயலவும்
என்கிறது.

இது மூன்றாவது நிறுத்தம்தான்.
பொறு.